ஹலாலா என்று கேட்கிறோம். தய்யிபா என்றும் கேட்போம்



நம் அறக்கட்டளைக்கு வரும் உதவி மனுக்களில் ஒரு காலத்தில் பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் குமர்ப் பெண்களின் நிக்காஹ் செலவுமே அதிகமாக இருக்கும். இப்போது மருத்துவச் செலவு மனுக்கள்தான் கட்டின் மேலே இருக்கின்றன. சர்க்கரை நோயால் ஆறாத கால் புண், சிறுநீரகம் செயலிழந்து வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ், நாற்பது வயதில் மாரடைப்பு. அண்மையில் ஒரு வீட்டுக்குப் போனோம். தகப்பனாருக்குக் கால் விரல்களை எடுத்திருந்தார்கள். வண்டி ஓட்டிப் பிழைத்தவர், இனி ஓட்ட முடியாது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்த மகன் படிப்பை விட்டுவிட்டுக் கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். "சர்க்கரை இருக்கிறது என்று தெரியும். ஆனால் உடம்பு நன்றாகத்தானே இருந்தது" என்றார் அந்தச் சகோதரர்.

இந்த நோய்கள் ஒரே நாளில் வருபவை அல்ல. பரம்பரையும் வயதும் காரணம்தான். அவற்றை நாம் மாற்ற முடியாது. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் நம் அடுப்படியில் என்ன வேகிறது, தட்டில் எவ்வளவு விழுகிறது என்பதை மாற்ற முடியும். அதைப் பற்றித்தான் இந்த இதழில் பேசுகிறோம்.

இரண்டு சொற்கள்

அல்பகரா அத்தியாயத்தின் 168ஆம் வசனம் உணவைப் பற்றிப் பேசும்போது ஹலால், தய்யிப் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்தே சொல்கிறது. ஹலால் என்றால் அனுமதிக்கப்பட்டது. தய்யிப் என்றால் தூய்மையானது, நல்லது. முதல் சொல்லில் நாம் மிகக் கவனமாக இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். வெளியூரில் பசித்தாலும் இறைச்சி எங்கே வாங்கியது என்று கேட்காமல் கை நனைப்பதில்லை. இரண்டாவது சொல்லில் அந்தக் கவனம் இல்லை. ஹலால் முத்திரை போட்ட பாக்கெட் என்றால் உள்ளே இருப்பது மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும்தானா என்று திருப்பிப் பார்ப்பதில்லை. அந்த முத்திரை ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். மற்றதை நாம்தான் கேட்க வேண்டும்.

மலைமேல் விளைவது, கீழே உண்பது

நம் சித்தேரி மலையில் சாமை விளைகிறது. அங்குள்ள மலைவாழ் மக்கள் மழையை நம்பிச் சரிவு நிலத்தில் சாமையும் கேழ்வரகும் விளைவித்துத் தலைமுறைகளாக உண்டு வந்தவர்கள். அடிவாரத்திலும் அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலும் களிதான் உழைப்பவர்களின் உணவாக இருந்தது. ராகிக் களியும் கீரைக் குழம்பும், அவரைக்கொட்டைக் குழம்பும், கொள்ளுச் சாறும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் பழக்கமானவைதான்.

இன்று அதே சாமை கண்ணாடிக் கதவு போட்ட கடைகளில் பளபளப்பான பாக்கெட்டில் விற்கிறது. மலைக்குக் கீழே இருக்கும் நாம் மூன்று வேளையும் வெள்ளை அரிசியோ மைதாவோ உண்கிறோம். காலையில் இட்லி, தோசை. மதியம் சோறு. இரவு பரோட்டா அல்லது மறுபடியும் தோசை. நடுவில் நான்கைந்து டீ, பேக்கரி பப்ஸ்.

இதற்கு யாரையும் குறை சொல்வதில் பயனில்லை. சாமையின் உமியை நீக்குவது எளிதல்ல. உரலில் இட்டு உலக்கையால் குத்திப் புடைக்க வேண்டும். அந்தப் பாடு முழுவதும் பெண்களுடையது. அரிசி கையில் கிடைத்ததும் உலக்கையைக் கீழே வைத்தார்கள். யார்தான் வைக்க மாட்டார்கள்? நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலும் இதே கதைதான். அங்கே சாமை விளைந்த நிலங்களில் சேகோ ஆலைகளுக்கு விற்கும் மரவள்ளிக் கிழங்கு வந்தது. சிறுதானியம் சுருங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மலை ஊர்களில் உமி நீக்கும் சிறிய இயந்திரங்களை வைத்து, குத்தும் சுமையைக் குறைத்துக் காட்டிய பிறகே அந்தத் தானியங்கள் வீட்டு அடுப்புக்குத் திரும்பத் தொடங்கின. இன்று நமக்கு அந்தச் சுமை இல்லை. உமி நீக்கிய சாமை அரிசி கடையில் கிடைக்கிறது. மாற வேண்டியது பழக்கம் மட்டும்தான்.

தவிட்டில் என்ன இருக்கிறது

எந்தத் தானியத்துக்கும் வெளியே உமி, அதற்கு உள்ளே மெல்லிய தவிட்டுப் படலம், நடுவில் மாவு. உமி தின்னக்கூடியதல்ல. தவிட்டில்தான் நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் தாதுக்களும் பெரும்பாலும் இருக்கின்றன. அரிசியை வெள்ளை வெளேர் என்று தீட்டும்போது நாம் இழப்பது அதைத்தான்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டது. அதன்படி 100 கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. சாமையில் 7 கிராமுக்கு மேல், கேழ்வரகில் 11 கிராமுக்கு மேல். அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம், சாமையில் சுமார் 65 கிராம். சுண்ணாம்புச் சத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை, கேழ்வரகில் 364 மில்லிகிராம்.

நார்ச்சத்து எதற்கு? மாவுச்சத்து குடலில் உடைந்து சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. நார்ச்சத்து குறைந்த உணவு வேகமாக உடைந்து, ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். அதை இறக்கக் கணையம் இன்சுலினைச் சுரக்க வேண்டும். நாளுக்கு ஐந்தாறு முறை, வருடக்கணக்கில் இப்படி ஏறி இறங்கினால், அதிலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து உடல் உழைப்பும் குறைந்தால், ஒரு கட்டத்தில் உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாமல் போகும். நார்ச்சத்து இருந்தால் உணவு மெதுவாக உடைகிறது, சர்க்கரை மெதுவாக ஏறுகிறது, வயிறும் நீண்ட நேரம் நிறைவாக இருக்கிறது.

நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையில் இதற்கு ஒத்த செய்தி ஒன்று உண்டு. அவர்கள் காலத்து வீடுகளில் மாவைச் சலிக்கும் பழக்கம் இருக்கவில்லை. வாற்கோதுமையை அரைத்து, ஊதும்போது பறப்பது பறந்துபோக, மீதியை அப்படியே பிசைந்து உண்டார்கள் என்பது ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிப்பதாக ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் செய்தி. தவிடு நீங்காத உணவு ஏழ்மையின் அடையாளம், வெள்ளைச் சோறே கௌரவம் என்று நினைக்கும் நாம் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

சிறுதானியம் மருந்தல்ல

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். சாமை சாப்பிட்டால் சர்க்கரை நோய் ஓடிவிடும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று கைப்பேசியில் வரும் செய்திகளை நம்ப வேண்டாம். மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் யாரும் நிறுத்தக் கூடாது.

சிறுதானியத்திலும் மாவுச்சத்துதான் அதிகம். இரண்டு தட்டுச் சோற்றுக்குப் பதில் இரண்டு தட்டுச் சாமைச் சோறு உண்டால் பெரிய பயன் இல்லை. நைசாக அரைத்த கேழ்வரகு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிச் சர்க்கரை போட்டுக் குடித்தால் அதுவும் ரத்தச் சர்க்கரையை வேகமாகத்தான் ஏற்றும். முழுச் சாமையாகச் சமைப்பதும், கேழ்வரகு என்றால் கீரை, வெங்காயம் சேர்த்து அடையாகச் சுடுவதும் மேல்.

சாமை வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். தீட்டாத சாமை சற்றே மங்கிய மஞ்சள் அல்லது பழுப்பு நிறத்தில் இருக்கும். வெள்ளையாகப் பளபளப்பது நன்றாகத் தீட்டியது. விலை மட்டும் கூடுதல், சத்து குறைவு. தீட்டாதது சீக்கிரம் வண்டு பிடிக்கும், காறலும் அடிக்கும். எனவே மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கல் அரித்துக் கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்தால் உதிரியாக வேகும். முதலில் வாரம் இரண்டு நாள் போதும். நார்ச்சத்துக்குப் பழகாத வயிறு திடீரென்று ஏற்றால் உப்பிக்கொள்ளும்.

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு உணவுக் கணக்கு வேறு. கேழ்வரகு, கீரை, பழம் எதையும் அவர்கள் மருத்துவரைக் கேட்டே கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

தட்டை மூன்றாகப் பாருங்கள்

எதைத் தின்பது என்பதைவிட எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி. வெள்ளைச் சோறு விஷமல்ல. தட்டில் முக்கால்வாசி அதுவே இருப்பதுதான் சிக்கல். எளிய கணக்கு இது. தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால் பங்கு சோறு, சாமை அல்லது சப்பாத்தி. மீதிக் கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் அல்லது இறைச்சி.

நம் வீடுகளில் காய்கறி என்றால் ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல். உருளைக்கிழங்கும் அதில் சேர்ந்துவிடுகிறது. உருளைக்கிழங்கு சோற்றின் பங்காளி, காயின் பங்காளி அல்ல. முருங்கைக்கீரை, அவரை, புடலை, பீர்க்கை, வெண்டை என்று நம் பக்கத்துச் சந்தையில் மலிவாகக் கிடைப்பதே போதும்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழி திர்மிதியில் இருப்பதை நாம் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள் என்ற கருத்து அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தில் இருக்கிறது. வீட்டில் ஒரு சிறு மாற்றம் செய்யலாம். சோற்றுப் பாத்திரத்தைத் தரையில் நடுவில் வைக்காமல் அடுப்படியிலேயே வைத்துவிட்டு, காய்ப் பாத்திரத்தை நடுவில் வையுங்கள். கை எட்டும் இடத்தில் இருப்பதைத்தான் மறுமுறை போட்டுக்கொள்கிறோம்.

சர்க்கரை, எண்ணெய், உப்பு

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரையை 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. ஒரு டீக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் 10 கிராம். நான்கு டீ குடித்தால் 40 கிராம் அங்கேயே முடிந்தது. கோலா வகைக் குளிர்பானங்களில் பெரும்பாலும் 100 மில்லிக்குப் 10 கிராம் வரை சர்க்கரை இருக்கும். வெல்லம், கருப்பட்டி, தேன் நல்லவை என்று தாராளமாகப் போடுகிறோம். ரத்தத்தில் போய்ச் சேரும்போது அவையும் சர்க்கரைதான். பழத்தைச் சாறாக்காமல் பழமாகவே கொடுங்கள்.

எண்ணெய் ஒருவருக்கு நாளுக்கு 20 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டி என்று வைத்துக்கொண்டால் நான்கு பேர் குடும்பத்துக்கு மாதம் இரண்டரை லிட்டர் போதும். உங்கள் வீட்டில் மாதம் எத்தனை பாக்கெட் காலியாகிறது என்று எண்ணிப் பாருங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். பிரியாணிக்கும் பலகாரத்துக்கும் டால்டா வேண்டாம்.

உப்பு எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம். ஒரு தேக்கரண்டி மட்டம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ், நூடுல்ஸ் மசாலா எல்லாம் இந்தக் கணக்குக்குள்தான். ரத்தக் கொதிப்பு உள்ள வீட்டில் இவற்றை அன்றாடம் வைக்க வேண்டாம்.

பாக்கெட்டின் பின்பக்கம்

முன்பக்கம் விளம்பரம். உண்மை பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சேர்ந்துள்ள பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். எனவே முதல் மூன்று பெயர்களைப் படித்தால் போதும். "சிறுதானிய பிஸ்கட்" என்ற பாக்கெட்டில் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, பிறகு பாமாயில் என்று இருந்தால் அது மைதா பிஸ்கட்தான். "ராகி மால்ட்" டப்பாவில் சர்க்கரை முதலிடத்தில் இருந்தால் அது ராகி கலந்த சர்க்கரை. இங்கிலீஷ் எழுத்து படிக்கத் தெரியாத தாய்மார்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அது ஒரு பாடம்.

தாய்மார்களின் தட்டு

எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் மிஞ்சிய சோறும் குழம்பும் உண்டு எழும் பெண்கள் நம் வீடுகளில் ஏராளம். இறைச்சித் துண்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, 100க்கு 53 பேருக்கு, ரத்தசோகை இருப்பதாகச் சொல்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்குவதும், எப்போதும் அசதியாக இருப்பதும் வேலைப் பளுவால் மட்டும் அல்ல.

முருங்கைக்கீரை, பயறு வகைகள், முட்டை, வாரம் ஒருமுறை கொஞ்சம் இறைச்சி அல்லது ஈரல் பெண்களின் தட்டிலும் விழட்டும். சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்றவை சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அது சேர்வதைத் தடுக்கும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து உண்பது சுன்னத்தான பழக்கம். அந்த வட்டத்தில் சமைத்தவருக்கும் இடம் இருக்க வேண்டும்.

தண்ணீரும் உணவுதான்

தருமபுரி மாவட்டத்தில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அளவுக்கு மேல் இருப்பது பழைய பிரச்சினை. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு முதுகு, மூட்டு இறுக்கம் என்று அது வெளிப்படும். இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் வரும் குழாய் உங்கள் தெருவில் இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள். போர்த் தண்ணீரைத் துவைக்கவும் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சினால் கிருமிகள் சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். டீத்தூளிலும் இயல்பாகவே ஃபுளோரைடு உண்டு. பிள்ளைகளுக்குக் கடுங்காபி, வரட்டீ பழக்க வேண்டாம். சுண்ணாம்புச் சத்துள்ள பால், தயிர், கேழ்வரகு, கீரை பிள்ளைகளுக்குக் கட்டாயம் கொடுங்கள். சத்துக் குறைந்த பிள்ளைகளையே ஃபுளோரைடு கடுமையாகப் பாதிக்கும்.

நோன்பும் விருந்தும்

நோன்புக் கஞ்சி நல்ல உணவு. அரிசியும் பருப்பும் வெந்தயமும் சேர்ந்தது. அரிசியில் பாதிக்குச் சாமையைப் போட்டுப் பாருங்கள், சுவை மாறாது. கெடுப்பது கஞ்சி அல்ல. அதோடு வரும் வடை, பஜ்ஜி, சமோசா, ரோஸ் நிறச் சர்க்கரைத் தண்ணீர்தான். ஒரு பேரீச்சம்பழம், கஞ்சி, பழத்துண்டு, மஃரிப் தொழுகை, பிறகு அளவான சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் தராவீஹில் நிற்கவும் உடம்பு லேசாக இருக்கும். ஸஹருக்குச் சாமைச் சோறு, தயிர், முட்டை, பயறு என்று உண்டால் பசி தாங்கும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ரமழானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மருந்தின் நேரமும் அளவும் மாற வேண்டியிருக்கும். நோன்பு வைக்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் மனம் நோக வேண்டாம். நோயாளிக்கு உள்ள சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது. மற்றதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

வலீமா விருந்தில் பிரியாணி இருக்கட்டும். யாரும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிரியாணி, தால்ச்சா, பிரெட் அல்வா, ஐஸ்கிரீம், குளிர்பானம் என்று ஒரே உட்காரலில் எல்லாம் வேண்டுமா? இனிப்பு ஒன்று, குளிர்பானத்துக்குப் பதில் மோர், தயிர் வெங்காயத்தோடு ஒரு காய்கறிக் கூட்டு. கேட்டபின் மறுமுறை வைப்பது. விருந்தின் மதிப்பு குறையாது, வீணாகும் சோறும் குறையும். ஜமாஅத் பெரியவர்கள் ஒரு விருந்தில் தொடங்கி வைத்தால் மற்றவர்களுக்குக் கூச்சம் போகும்.

காசு எங்கே என்று கேட்பவர்களுக்கு

நியாயமான கேள்வி. ரேஷன் அரிசி இலவசம், சாமை கிலோவுக்குக் காசு. முழுவதும் மாறச் சொல்லவில்லை. நீலகிரியிலும் நம் தருமபுரி மாவட்டத்திலும்தான் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் 2023இல் தொடங்கியது. உங்கள் கடையில் கேழ்வரகு இருப்பு உள்ளதா என்று கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் சரக்கு வரும். அரிசி வாங்கும்போது பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியே மேல், அவிக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்கிவிடும். ரேஷன் அரிசியில் நிறம் சற்று மாறித் தெரியும் மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறார்கள். அவை இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட மணிகள். அவற்றை எறியாதீர்கள். தலசீமியா, சிக்கிள் செல் நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். நான்கு பேர் குடும்பம் வாரம் இரண்டு இரவு கடைப் பரோட்டாவை நிறுத்தினால் மிச்சமாகும் காசில் மாதத்துக்கான சாமையும் கீரையும் முட்டையும் வாங்கலாம். சித்தேரிப் பக்கம் போகிறவர்கள் மலைச் சந்தையில் விளைவித்தவரிடமே நேரடியாக வாங்கினால் நமக்கும் மலிவு, அவர்களுக்கும் நல்ல விலை. நம் தட்டில் சாமை விழுந்தால்தான் மலையில் சாமை விதைப்பார்கள்.

இந்த மாதமே தொடங்க

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்கிறார்கள். வாசலில் நிற்பவர்கள் திரும்பி வர முடியும் என்பதுதான் நல்ல செய்தி. ஆனால் வாசலில் நிற்கிறோம் என்பது தெரிய வேண்டுமே. இந்த நோய் தொடக்கத்தில் வலிக்காது.

30 வயது தாண்டிய எல்லோரும், ஆண் பெண் இருவரும், ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பாருங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 100க்குக் கீழ் இருக்க வேண்டும். 100 முதல் 125 வரை வாசல். 126 அல்லது அதற்கு மேல் என்றால் மறுபடியும் சோதித்து உறுதி செய்ய வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினாலும் எச்சரிக்கையாக இருங்கள். இதற்குப் பணம் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்த்து மருந்தும் தருகிறார்கள். அந்தப் பணியாளர் வரும்போது "எனக்கு ஒன்றும் இல்லை" என்று கதவைச் சாத்தாமல் கையை நீட்டுங்கள்.

சாப்பாட்டில் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். இந்த மாதம் நான்கு காரியம் செய்யுங்கள். வாரம் இரண்டு வேளை சாமை அல்லது கேழ்வரகு. டீயில் சர்க்கரை ஒரு தேக்கரண்டி குறைவு. தட்டில் காய் இரட்டிப்பு, சோறு ஒரு கரண்டி குறைவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிட நடை. இஷாவுக்குப் பள்ளிவாசலுக்கு நடந்தே போய் வந்தால் பலருக்கு அதிலேயே கணக்கு நேராகிவிடும்.

படிப்பை விட்ட அந்த மகனுக்கு மீண்டும் கல்லூரியில் சேர நம் அறக்கட்டளை உதவும், இன்ஷா அல்லாஹ். ஆனால் உங்கள் ஸகாத்தும் ஸதகாவும் டயாலிசிஸ் செலவுக்குப் போவதைவிட, பிள்ளைகளின் படிப்புக்குப் போவதையே நாம் விரும்புகிறோம். அந்த மாற்றம் உங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து தொடங்க முடியும். உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நம் எல்லோருக்கும் அவன் ஆஃபியத்தான நீண்ட வாழ்வைத் தருவானாக. ஆமீன்.